எங்கள் குழாயடியில் அமெரிக்கா

ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நான் படித்தது ஆவடி லோக்கலில். தொண்ணூறுகளின் தொடக்கம். தபால்வழியில் எம்.ஏ. வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் அனுப்பும் பாடக்கட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆவடியில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் நாலு பக்கமாவது தள்ளிவிட வேண்டும் என்று எனக்கு நானே விதி போட்டிருந்தேன். விதி போடுவதில் எனக்கு அப்போதே கொஞ்சம் ஆசை அதிகம். அந்த ஆசை என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எழுத உட்காரும்போதே முகம் சுடுகிறது.

வீட்டில் படிக்க முடியாது. என் கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் இருந்தது அதன் குவார்ட்டர்ஸில். காலைச் சங்கு ஊதுவதற்குள் சாப்பாட்டுக் கேரியர் தயாராக வேண்டும். திருநெல்வேலி, மதுரை, சேலம், கன்னியாகுமரி என்று எல்லா ஊர்க்காரர்களும் அங்கே உண்டு. ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் எந்த மாவட்டம் என்று மூன்றாவது வீட்டில் சொல்லிவிடலாம். நானும் காலையில் சமையல், சாயங்காலம் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சமூக அறிவியல் டீச்சர்.

ரயிலில் என் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்காருவாள். குவார்ட்டர்ஸ் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைப் பகுதி அவளுடையது. எனக்கு அடுத்த ஸ்டேஷனான பட்டரவாக்கத்தில் இறங்கி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போவாள். பாக்கிங் வேலை. அவள் அப்பா காலம்வரை வயல் கூலி. அந்த வயல்கள் இருந்த இடத்தில்தான் பிறகு கட்டடங்கள் வந்தன. அந்தக் குடும்பத்திலேயே கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட முதல் ஆள் அவள்தான். அட்டையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புவாள். கம்பெனி வாசலில் மாட்டினால் போதாதா என்று கேட்டதற்கு, "பாக்கட்டும் டீச்சர், எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு முதலில் சுருக்கென்றது. நான் அவளை 'நீங்க' என்பேன். அது அவளுக்குச் சிரிப்பு.

"இன்னா டீச்சர், நீங்க வாங்கன்னு மாமியாருக்குச் சொல்ற மாறி சொல்லிக்கினு கீற? நானு உன்னோட சின்னவ."

பாடக்கட்டில் ஒரு தாளின் பெயரே 'ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜனநாயகமும் சமூக மாற்றமும்'. படித்ததை யாரிடமாவது சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பது டீச்சர்களின் நோய். அவளிடம் சொல்வேன். ஐரோப்பாவில் ராஜா, பிரபு, பாதிரி என்று படிப்படியாக மேலே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருப்பவன் மேலே வர ஒவ்வொரு படியையும் இடிக்க வேண்டியிருந்தது. பிரான்சில் ராஜாவின் தலையையே எடுத்தார்கள். இங்கிலாந்தில் அதற்கு முன்பே ஒரு ராஜாவின் தலையை எடுத்துவிட்டு, மறுபடி ராஜாவையே கூட்டிவந்து, பிறகு நிதானமாக, முதலில் சொத்துள்ளவனுக்கு ஓட்டு, பிறகு தொழிலாளிக்கு, கடைசியாகப் பெண்களுக்கு என்று கொடுத்தார்கள். அமெரிக்காவில் இடிக்கப் படியே இல்லை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே தரையில் நின்றார்கள். நியூ இங்கிலாந்து என்ற பகுதியில் ஊரே ஒரு கூடத்தில் கூடி, பாலம் கட்டுவதா, பள்ளிக்கூடம் கட்டுவதா என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். 

பிரெஞ்சுப் புரட்சியின்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அமெரிக்கா வந்தபோது விழித்துக்கொண்டிருந்தாள்.

"ராஜாவே இல்லியா? அப்போ ஊர்ல யாருனா சண்ட போட்டா யாரு அதட்டுவாங்க?"

"அவங்களே பேசித் தீர்த்துப்பாங்க."

"நம்ம பக்கம்லாம் அது வேலைக்காவாது டீச்சர்" என்று சொல்லிவிட்டு, முறுக்கை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

எனக்கு அமெரிக்காதான் பிடித்தது. காரணம் படிப்பு மட்டும் அல்ல. எங்கள் குவார்ட்டர்ஸிலேயே ஒரு ராஜா இருந்தார்.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் அவர். மதுரைப் பக்கத்துக்காரர். ஃபோர்மேன் சார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். குவார்ட்டர்ஸ் கட்டிய காலத்தில் குடிவந்தவர். அன்றைக்குச் செயலாளர் ஆனவர் ஆனவர்தான். வருடா வருடம் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் பொதுக்குழு கூடும். "நானே தொடரலாம்ல? யாருக்கும் ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். சுண்டல் வாயில் இருக்கும்போது யார் ஆட்சேபிப்பது? அத்தோடு தேர்தல் முடிந்தது. ஓட்டு என்று ஒன்று இருந்தால் அது வீட்டுக்கு ஒன்று, அதுவும் வீடு யார் பெயரில் ஒதுக்கப்பட்டதோ அந்த ஆணுக்கு. மைதானத்தில் மிளகாய் காயப்போடாதே, மாடிப்படியில் சைக்கிள் வைக்காதே என்று நாள் முழுக்க அதட்டிக்கொண்டே இருப்பார். நான் ஒருநாள் வடகம் காயவைத்ததற்கு, "டீச்சரம்மாவே இப்படிப் பண்ணா படிக்காதவுக என்ன பண்ணுவாக?" என்று தெருவே கேட்கச் சொன்னார். அந்த வடகத்தை நான் மறக்கவில்லை. ஜனநாயகத்தின் மீது எனக்கு வந்த பற்றில் அந்த வடகத்துக்கும் பங்கு உண்டு என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் ஆட்சியில் எழுதாத வழக்கங்கள் பல. அதில் ஒன்று வெளிக் குழாய். குவார்ட்டர்ஸின் பின்பக்கச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு உடைப்பு இருந்தது. உடைப்புக்குப் பக்கத்தில் ஒரு தெருக்குழாய். விடியற்காலையில், காலைச் சங்குக்கு முன்னால் ஒரு மணி நேரம், அந்தக் குழாய் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெண்களுடையது. அந்த நேரத்தில் குவார்ட்டர்ஸ்காரர்கள் அங்கே போகக் கூடாது. சங்கு ஊதியதும் அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உடைப்பு வழியாகப் போய்விட வேண்டும். போய்விடுவார்கள். ஏன் இப்படி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஃபோர்மேன் சார் சொன்னால் சொன்னதுதான். என் ரயில் தோழியின் நாளே அந்தக் குழாயில்தான் தொடங்கியது. தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, அட்டையை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு வருவாள். நாள் தவறாமல் வந்தால் அந்த வருடம் அவளை நிரந்தரமாக்குவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

அந்த வருடப் பொதுக்குழுவில், "யாருக்கும் ஆட்சேபணை உண்டா?" என்று அவர் கேட்டபோது நான் எழுந்து நின்று, "உண்டு" என்றேன்.

பக்கத்தில் என் கணவர் புடவை நுனியைப் பிடித்து இழுத்தார். "ஏளா, ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி? உக்காரு." நான் உட்காரவில்லை. வீட்டுக்கு ஒரு ஓட்டு என்பது பழைய ஐரோப்பா, சொத்துள்ளவனுக்கு மட்டும் ஓட்டு என்ற காலத்து வழக்கம் என்றேன். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு தாமதமாக வந்ததற்கு அவர்களே வெட்கப்படுகிறார்கள், நாம் இன்னும் அதற்கும் பின்னால் இருக்கிறோம் என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். தலையில் நேராக ஏறும்.

ஃபோர்மேன் சார் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, வைங்க. எலெக்ஷனே வைங்க" என்றார்.

வைத்தோம். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. ரகசிய வாக்கு. என் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து மேலே கோடு போல வெட்டி வாக்குப்பெட்டி செய்தேன். காலமெல்லாம் அடுப்படியில் நின்ற பெண்கள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஃபோர்மேன் சார் தோற்றார். சேலத்துக்காரர் ஒருவர், இளவயசு மெஷினிஸ்ட், புதிய செயலாளர் ஆனார். நான் துணைச் செயலாளர். சங்கத்தில் பதவிக்கு வந்த முதல் பெண்.

மறுநாள் ரயிலில் அவளுக்கு ஜாங்கிரி கொடுத்தேன். அவளுக்கும் சந்தோஷம். "நீ மினிஸ்டரு ஆயிட்டேன்னு சொல்லு" என்று சிரித்தாள்.

சங்கத்துக்கு விதிமுறை எழுதும் பொறுப்பு எனக்கு. நியூ இங்கிலாந்து ஊர்க்கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதினேன். எந்த முக்கியமான விஷயத்தையும் செயலாளர் தன்னிச்சையாக முடிவு செய்யக் கூடாது. பொதுக்குழுவின் வாக்குக்கு விட வேண்டும். பேசுபவர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். ஆளைப் பார்த்துச் சலுகை கிடையாது. உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் பேசக் கூடாது. கடைசி விதியை ஏன் எழுதினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எல்லா விதிமுறையிலும் அப்படி ஒன்று இருக்கும் என்பதற்காகத்தான். வேறு காரணம் இல்லை. ஒரு வரியை எழுதும்போது அது யார் கழுத்தில் போய் விழும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. பருத்திப்பட்டு ஏரியில் மாடு மேய்ந்தது. குவார்ட்டர்ஸ் மேல்நிலைத் தொட்டிக்கு வரும் தண்ணீர் குறைந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனது. கைப்பிள்ளைக்காரி, வயசான மாமியாரை வைத்திருப்பவள் என்று எல்லாருக்கும் கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அப்போதுதான் எல்லாருடைய கண்ணும் வெளிக் குழாயின் மீது போனது. நமக்கே இல்லாதபோது ஊருக்கு எதற்கு? உடைப்பு வழியாகத்தான் போன மாதம் ஒரு சைக்கிள் போனது. கொடியில் காய்ந்த புடவை போனது. யார் எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எந்தப் பக்கம் போனது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உடைப்பை அடைத்துவிட வேண்டும், வெளிக் குழாயை நிறுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. புதிய செயலாளர் தன்னிச்சையாக எதுவும் செய்யவில்லை. என் விதிப்படி பொதுக்குழுவுக்கு விட்டார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூட மைதானத்தில். நான் மேஜையில், கையில் மணியோடு. பள்ளிக்கூட மணிதான், சின்னது, மேஜையில் வைத்துத் தட்டுவது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். அதிகம் பேசியது பெண்கள். முன்னெல்லாம் வாயைத் திறக்காதவர்கள். நான்தான் அவர்களுக்கு வாய் வாங்கிக் கொடுத்தேன் என்று ஒரு பக்கம் பெருமை, அவர்கள் பேசியதைக் கேட்க ஒரு பக்கம் சங்கடம்.

ஃபோர்மேன் சார் எழுந்தார். தோற்ற பிறகு கூட்டத்துக்கே வராதவர், அன்றைக்கு வந்திருந்தார். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாத மனிதர். அதட்டித்தான் பழக்கம், எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை. குவார்ட்டர்ஸ் கட்ட அஸ்திவாரம் தோண்டியது, அப்போது மழை வந்தது, காண்ட்ராக்டர் ஏமாற்றியது என்று எங்கெங்கோ போனார். ஜனங்கள் நெளிந்தார்கள். யாரோ கொட்டாவி விட்டார்கள். பிறகு சொன்னார்:

"இந்தச் சுவரு எடுத்தப்ப அவுக கெணறு நம்ம பக்கம் வந்துருச்சுய்யா. நல்ல தண்ணிக் கெணறு. அதத் தூர்த்துத்தான் இந்தா இந்த மைதானம். அப்ப அந்தப் பொம்பளைக எல்லாம் வந்து நின்னாக. நான்தேன் சொன்னேன், கெணத்துக்குப் பதிலா..."

மணி அடித்தேன்.

மூன்று நிமிடம் முடிந்திருந்தது. முடிந்தால் அடிக்க வேண்டும். அவருக்கு அடிக்காவிட்டால் நாளைக்கு இன்னொருவர் கேட்பார். இதெல்லாம் சரிதான். ஆனால் கை அவ்வளவு வேகமாகப் போனதற்கு விதி மட்டும் காரணமா, வடகமும் காரணமா என்று எனக்குள் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் என்னைப் பார்த்தார். "முடிச்சுக்கிறேன்மா, ஒரு வார்த்தை" என்றார். ஆளைப் பார்த்துச் சலுகை கிடையாது என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது மைதானத்தின் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. உடைப்பு வழியாக அந்தப் பக்கத்துப் பெண்கள் சிலர் வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவள் என் ரயில் தோழி. ஞாயிற்றுக்கிழமையிலும் கம்பெனி அட்டை கழுத்தில் இருந்தது. கூட்டத்துக்கு மரியாதையாக வர வேண்டும் என்று மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"டீச்சர், நானு ஒண்ணு சொல்லிக்கட்டா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்கள். புதிய செயலாளர் என் பக்கம் குனிந்து, "மேடம், ரூல்ஸ்ல..." என்றார். முழுவதும் சொல்லக்கூட இல்லை.

"உறுப்பினர் இல்லாதவங்க பேச முடியாதுங்க" என்றேன். 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். அவளிடம் எப்போதும் போலத்தான்.

அவள் கொஞ்சம் நின்றாள். ரயிலில் முறுக்கு உடைத்துக் கொடுக்கிறவளை நான் முன்பின் தெரியாத ஆள்போலப் பார்க்கிறேன் என்பது அவளுக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆனது. பிறகு, "சரி டீச்சர்" என்று கையை இறக்கினாள். கோபம் இல்லை. பெரிய மனிதர்கள் இடத்தில் இப்படித்தான் இருக்கும் போல என்று எடுத்துக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வாக்கெடுப்பு நடந்தது. தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது, கொஞ்ச நஞ்சப் பெரும்பான்மை இல்லை. நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். இதை யாரிடம் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? ரகசிய வாக்கு. அதையும் நான்தான் கொண்டுவந்தேன்.

அந்த வாரமே கொத்தனார் வந்து உடைப்பை அடைத்தார். பூசின சிமெண்டு காயும்வரை ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சங்க அறிவிப்புப் பலகையில் 'வெளியாருக்குத் தண்ணீர் கிடையாது. பொதுக்குழுத் தீர்மானப்படி' என்று எழுதி, கீழே செயலாளர் பெயர், துணைச் செயலாளர் பெயர். ராஜினாமா செய்திருக்கலாம். செய்யவில்லை. பரீட்சை நெருங்குகிறது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பதவி பிடித்திருந்தது. அதைவிடக் கேவலமான உண்மை ஒன்று உண்டு. உடைப்பை அடைத்த பிறகு என் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வந்தது. குடம் சீக்கிரம் நிறைவதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் இனி லாரித் தண்ணீர். லாரி காலை ஒன்பதுக்கு வரும், பத்துக்கு வரும், வராமலும் போகும். வரும்போது ஆள் இல்லாவிட்டால் குடத்தை யாராவது தள்ளி வைத்துவிடுவார்கள். அவள் வீட்டில் அவள் புருஷன் விடியற்காலையிலேயே லோடு ஏற்றப் போய்விடுவான். பிள்ளைகள் சின்னது. முதலில் தாமதமாக ரயிலுக்கு வந்தாள். பிறகு ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வரவில்லை. கடைசியாக அவளை ரயிலில் பார்த்தபோது, அவளே பேச்சை எடுத்தாள்.

"சூப்பர்வைசரு சொல்லிட்டாரு டீச்சர். இனிமே வராதேன்ட்டாரு. கணக்கு முடிச்சிக்கினு போன்னாரு. அதான் போய்க்கினு கீறேன்."

"நான் வேணா வந்து பேசட்டுமா?"

"நீ இன்னா பேசுவ? உங்க ஆளுங்க கொழாவ நிறுத்திட்டாங்கன்னு சொல்லுவியா?" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவளே, "வுடு டீச்சர். நீ இன்னா பண்ணுவ, ஊர் பூரா ஓட்டுப் போட்டுச்சாமே" என்றாள்.

அம்பத்தூர் வந்தது. நான் இறங்கிவிட்டேன். அவள் பட்டரவாக்கம் வரை போனாள், அட்டையைத் திருப்பிக் கொடுக்க.

மே மாதம் பரீட்சை. வினாத்தாளில் கடைசிக் கேள்வி: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜனநாயகம் சமூக மாற்றத்தை எவ்வாறு கொண்டுவந்தது, ஒப்பிடுக. தண்ணீர் பட்ட பாடு. பேனா நிற்கவே இல்லை. ஐரோப்பா மேலிருந்து இறங்கியது, அமெரிக்கா கீழிருந்து எழுந்தது. ஐரோப்பாவில் பழைய பிரபுக்களின் அதிகாரத்தோடு அவர்கள் வேண்டியோ வேண்டாமலோ சுமந்திருந்த கடமைகளும் போயின. அமெரிக்காவில் சமமானவர்கள் கூடி ஆண்டார்கள். அந்தச் சமமானவர்களின் கூட்டத்துக்கு வெளியே கறுப்பின மக்கள் நின்றார்கள். அவர்களுக்குச் சட்டத்தில் ஓட்டு வந்த பிறகும், எழுத்தறிவுச் சோதனை என்றும் வரி என்றும் விதிகளை வைத்தே வாசலை அடைத்தார்கள். இங்கிலாந்தில் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களுக்கு வேலி போட்டார்கள். ராஜா போடவில்லை. மக்கள் மன்றத்தில் சட்டம் இயற்றிப் போட்டார்கள். அந்த நிலத்தில் மாடு மேய்த்தவர்களுக்கு அந்த மன்றத்தில் ஓட்டு இல்லை.

இந்த வரியை எழுதும்போது பேனா நின்றது. இது பாடக்கட்டில் முன்பே இருந்தது. ஆவடிக்கும் அண்ணனூருக்கும் நடுவே, அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது நான் பென்சிலால் அடிக்கோடு இட்ட வரி. அடிக்கோடு இட்டவள்தான் மேஜையில் உட்கார்ந்து மணி அடித்தாள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். எங்கள் ஊரில் அதை வேடிக்கையாகச் சொல்வோம். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் மேற்பார்வையாளர் நேரமாகிறது என்றதும் மிச்சத்தை எழுதி முடித்தேன். அந்தத் தாளில்தான் எனக்கு நல்ல மதிப்பெண். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று என் கணவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். சுவரில் ஆணி அடித்தால் குவார்ட்டர்ஸ் ஆபீஸில் அபராதம் போடுவார்கள் என்று சொல்லி வைத்தேன்.

பிறகு ஒரு பொதுத் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி எங்கள் குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்தில். சுவருக்கு அந்தப் பக்கத்து ஜனங்களுக்கும் அதே சாவடிதான். அன்று ஒருநாள் பிரதான கேட்டை அகலத் திறந்துவைத்தார்கள். போலீஸ்காரர் நின்றிருந்ததால் வாட்ச்மேன் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்க முடியவில்லை.

காலையிலேயே நான் பெண்கள் வரிசையில் நின்றேன். கேட் வழியாக அவர்கள் வந்தார்கள். எல்லார் இடுப்பிலும் குடம். பிளாஸ்டிக் குடம், ஈயக் குடம், ஒருத்தி இரண்டு குடம். ஓட்டுப் போட வந்தவர்களாகவும் தெரிந்தார்கள், தண்ணீருக்கு வந்தவர்களாகவும் தெரிந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் பதறவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே புதிய செயலாளர் வெளிக் குழாயின் திருகைக் கழற்றி வைத்துவிட்டார். நான் கேட்டதற்கு, "தீர்மானம் இருக்குல்ல மேடம்" என்றார். இருந்தது.

அவளும் வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. கட்டட வேலையில் சிமெண்டுச் சட்டி தூக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். கழுத்தில் அட்டை இல்லை. வெயிலில் கறுத்து, இளைத்திருந்தாள். போலீஸ்காரர், "கொடத்தையெல்லாம் உள்ள எட்துகினு போகக்கூடாது, வெளிய வையுங்க" என்றார். அவள் குடத்தை என்னிடம் நீட்டினாள்.

"வச்சிட்டுப் போனா காணாப் போயிடும் டீச்சர். நீ கொஞ்சம் புடிச்சிக்கினு இரேன். உன் ஆளு இன்னும் வர்ல பாரு, நான் முன்னால போயி குத்திட்டு வந்துர்றேன்."

நான் என் கணவருக்காகக் காத்திருப்பதாக நினைத்திருக்கிறாள். குடத்தை வாங்கிக்கொண்டேன். வரிசை நகர்ந்து அவள் உள்ளே போனாள். மற்றப் பெண்கள் வெளிக் குழாய் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, திருகு இல்லாத குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். 

நான் வரிசையை விட்டு விலகினேன். வீட்டுக்குப் போனேன். அடுப்படிக் குழாயைத் திறந்து அவள் குடத்தை நிரப்பினேன். தளும்பத் தளும்ப நிரப்பி, இடுப்பில் வைத்து, பின்பக்கப் படி வழியாக இறங்கி, வேப்பமரத்தடிக்கு வந்து நின்றேன். மற்றவர்களின் குடங்கள் எல்லாம் காலி. அவர்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் விரலில் மையோடு வெளியே வந்தாள். குடத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு குடம் தண்ணீரில் என் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகத்தில் பதற்றம்தான் வந்தது. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சங்கத்துல கேட்டுக்கினியா டீச்சர்? தண்ணி தரக்கூடாதுன்னு உன் பேரு போட்டு போர்டுல எய்திகீதே. யாருனா பாத்தா உன்னிய ஏதாச்சும் சொல்லப் போறாங்க."

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே எனக்காகப் பயந்துதான் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.